அந்த 38 பேர் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் ஜன்னலில் நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட உதவவில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பல உளவியல் பாடநூல்களிலும் இப்படித்தான் இருந்தது, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடந்தது அதுவல்ல.

அதிகாலை மூன்று மணி தாண்டிய நேரம். எதிர்க் கட்டடத்திலிருந்து ராபர்ட் மோசர் என்பவர் ஜன்னலைத் திறந்து, அந்தப் பெண்ணை விடு என்று கத்தினார். தாக்கியவன் ஓடிவிட்டான். பிறகு திரும்பி வந்து அவன் தாக்கியது கிட்டி குடியிருந்த கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே. முன்பக்க ஜன்னல்களில் இருந்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு சோஃபியா ஃபரார், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் இறங்கி ஓடி, கிட்டியைக் கடைசி நிமிடங்களில் கைகளில் தாங்கிக்கொண்டார். எனக்கென்னவோ பாடநூலில் இவர் பெயர்தான் இருந்திருக்க வேண்டும்.

தெரிந்தும் தயங்கியவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். 38 என்ற கணக்குதான் நிற்காது.

சரிபார்ப்பது எளிது. 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தியை அன்று வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழே, 2016-இல் கொலையாளி வின்ஸ்டன் மோஸ்லி இறந்தபோது எழுதிய செய்தியில் தன் பழைய கட்டுரை பிழையானது என்று ஒப்புக்கொண்டது. அவன் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடுங்கள். அப்புறம், 2007-இல் 'அமெரிக்கன் சைக்காலஜிஸ்ட்' இதழில் மேனிங், லெவின், காலின்ஸ் மூவரும் நீதிமன்ற ஆவணங்களை வைத்து எழுதிய கட்டுரையும் கிடைக்கும்.