அண்ணனுக்குக் கிழக்கு, தம்பிக்கு மேற்கு

(மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மளிகை மொத்தக் கடையின் மாடி, ஞாயிறு மதியம். மிளகாய் வற்றல் நெடிக்கு நடுவே மருமகன் லேப்டாப்பில் 'டோட்டல் வார்: அட்டிலா' என்ற போர் விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறான். மாமா படியேறி வருகிறார்.)

மாமா: ஸ்டாக் எடுக்கச் சொன்னால் என்னடா இது, ஊர் ஊராகத் தீப்பிடித்து எரிகிறது?

மருமகன்: மேற்கு ரோமப் பேரரசு மாமா. பிரிட்டனிலிருந்து ஆப்பிரிக்கா வரை எல்லாம் நம்முடையது.

மாமா: அவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு ஏன் முகம் இப்படி இருக்கிறது?

மருமகன்: படைக்குச் சம்பளம் கொடுத்தால் கஜானா காலி. நாலு பக்கமும் அடிக்கிறார்கள், உள்ளே கலகம் வேறு. இந்தப் பக்கத்தை எடுத்தால் ரொம்பக் கஷ்டம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் காட்டினார்கள்.

மாமா: படித்துவிட்டுமா எடுத்தாய்? அப்படியே உங்கப்பா. சரி, அட்டிலா எவன்?

மருமகன்: ஹூணர்களின் ராஜா. இன்னும் வரவேயில்லை மாமா, இனிமேல்தான் பெரியவனாகி வர வேண்டும்.

மாமா: வராதவனுக்கே இந்தப் பாடா! முதலில் ராஜ்யம் எப்படிக் கெட்டது?

மருமகன்: 395இல் ரோமச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் இறந்ததும் இரண்டு மகன்களுக்கும் பாகம். மூத்தவன் அர்க்காடியஸுக்குக் கிழக்கு, இளையவன் ஹொனோரியஸுக்கு மேற்கு. அவனுக்கு அப்போது பத்து வயது.

மாமா: கிழக்கில் வியாபாரம் எப்படி?

மருமகன்: பணமெல்லாம் அங்கேதான்.

மாமா: சொல்லாதே, தெரியும்! மூத்தவனுக்கு வீதியைப் பார்த்த கடை. இளையவனுக்குச் சந்துக்குள்ளே குடோன், எலி, வராத பாக்கி. இருபது வருடமாக நான் ஹொனோரியஸ்டா.

(மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்கிறார். இனி இவர் கீழே போகமாட்டார்.)

மருமகன்: விசிகோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டம் வேறு இத்தாலிக்குள் புகுந்துவிட்டது. நிஜத்திலும் 408இல் அவர்கள் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகை போட்டு, தங்கம் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டானாம்.

மாமா: மிளகா! எந்த ஊர் மிளகு?

மருமகன்: நம் மேற்கு மலைப் பக்கத்திலிருந்து கப்பலேறியதுதான்.

மாமா: ரோமில் ராத்தல் எவ்வளவு?

மருமகன்: கிட்டத்தட்ட 327 கிராம்.

மாமா: (கண்ணை மூடி) 981 கிலோ. இருபது மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி. ரொக்கமா, கடனா?

மருமகன்: முற்றுகை மாமா!

மாமா: அப்போ வசூல். வாங்கிக்கொண்டு போய்விட்டானா?

மருமகன்: போனான். திரும்ப வந்து 410இல் ஊரையே சூறையாடிவிட்டான்.

மாமா: ஒரு தடவை தாராளமாகக் கொடுத்துப் பார், அடுத்த திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு முதல் ஆளாக நம் கடைக்குத்தான் வருவான். சரி, உனக்குத் தானியம் எங்கிருந்து வருகிறது?

மருமகன்: ஆப்பிரிக்கா, கார்த்தேஜ் பக்கம். வடக்கே வர வர விளைச்சலே இல்லை. இந்த ஆட்டத்தில் வருடம் போகப் போகக் குளிர் கூடும், நிலம் மலடாகும்.

மாமா: அப்போ தெற்கை இறுக்கிப் பிடி. நஷ்டத்தில் ஓடும் கிளை எது?

மருமகன்: பிரிட்டன். வரி வருவதைவிடக் காவல் செலவு அதிகம். லண்டனுக்கு நாமே தீ வைத்துவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு வரலாம். எதிரிக்கும் ஒன்றும் மிஞ்சாது.

மாமா: வை! யோசிக்கவே யோசிக்காதே. நஷ்டக் கிளையைக் கட்டி அழுகிறவன் வியாபாரியே இல்லை.

மருமகன்: அப்போ நம் மேலூர் கடை?

(நீண்ட மௌனம். கீழே யாரோ கால் கிலோ கடுகு கேட்கிறார்கள்.)

மாமா: அது அப்பா கையால் திறந்து வைத்த கடைடா.

மருமகன்: லண்டனும் ரோமானியர் கட்டியதுதான் மாமா. 300 வருடத்துக்கு மேல் ஆகிறது.

மாமா: பாட்டன் பூட்டன் வைத்ததா? கையை எடு, கையை எடு!

மருமகன்: அழுத்திவிட்டால் திரும்ப எடுக்கவும் முடியாது. நான் எடுத்த இந்தக் கஷ்ட நிலையில் ஆட்டத்தை நடுவே சேமித்து வைக்க விடமாட்டான். வைக்கவா, வேண்டாமா?

மாமா: அங்கே இப்போது என்ன பருவம்?

மருமகன்: கோடை.

மாமா: அப்போ ஆடித் தள்ளுபடி ஒன்று போட்டுப் பார்.