எழுந்து நிற்காதவரின் படம்

அரசியல் மிரட்டலுக்கு நடுவே வாழும் சாதாரண மனிதர்களைப் பற்றிய குறும்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். இந்தப் பயத்தைச் சொல்லக் குறும்படம்தான் சரியான வடிவம் என்பது என் கட்சி. முழுநீளப் படம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது துணிந்து எழுந்தாக வேண்டியிருக்கிறது. பயந்தவர் பயந்தவராகவே இருந்துவிட்டுப் போக அங்கே இடம் கிடைப்பது அபூர்வம்.

'மௌனமாக இருக்க முடியாத மனிதர்' என்ற குரோவேஷியப் படத்தைப் பாருங்கள். நெபோய்ஷா ஸ்லியெப்செவிச் இயக்கியது, 14 நிமிடம். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 2024-இல் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது வாங்கியது. கதை நிஜமாக நடந்தது, போஸ்னியப் போர்க் காலத்தில். 1993 பிப்ரவரி 27 அன்று செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் 'பார்' என்ற நகருக்குப் போன ரயிலை, போஸ்னியாவின் ஷ்ட்ர்ப்ட்சி நிலையத்தில் ஒரு செர்பிய ஆயுதக் குழு நிறுத்தியது. முஸ்லிம் பயணிகளைத் தேடிப் பிடித்து இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றது. ரயில் நிறைய ஆட்கள். எதிர்த்துக் கேட்டவர் டோமோ புசோவ். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, பட்டாளத்தில் இருந்த மகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். அவரையும் கொன்றுவிட்டார்கள்.

தலைப்பு அவருடையது. ஆனால் கேமரா ஒட்டிக்கொண்டிருப்பது அதே பெட்டியில் இருக்கும் இன்னொருவரோடு. அடையாள அட்டை இல்லாமல் நடுங்கும் இளைஞனுக்கு முதலில் தைரியம் சொன்னவர் இவர்தான். ஆயுதத்தோடு ஆள் உள்ளே வந்ததும் வாய் திறக்கவில்லை. கெட்டவர் இல்லை, 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கும் ஆளும் இல்லை. அந்த நிமிடத்தில் உடம்பு எழவில்லை, அவ்வளவுதான். இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த முகத்தைக் கொஞ்ச நேரமாவது பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஃபரா நபுல்சியின் பாலஸ்தீனப் படம் 'பரிசு' (2020). மேற்குக் கரையில் யூசுஃப் தன் சின்ன மகளோடு திருமண நாளுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்புகிறார். கதை இவ்வளவுதான். இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடியில் அவரைக் கம்பி அடைப்புக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். வெளியே காத்திருக்கும் பிள்ளைக்கு உடையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. மகள் முன்னால் அப்பாவுக்கு அவமானம், அப்பா முன்னால் மகளுக்கு. அந்தக் காட்சியில் யாரும் சுடுவதில்லை. தொடக்கக் காட்சியை பெத்லகேமில் இருக்கும் நிஜச் சாவடியில், விடியுமுன் வேலைக்குப் போகும் தொழிலாளர்களின் நெரிசலுக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள். நடிகர் யார், கூலிக்குப் போகிறவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பயம் வர ராணுவம்கூடத் தேவையில்லை. 2015-இல் வந்த ஹாங்காங் தொகுப்பு 'பத்து ஆண்டுகள்', பத்து ஆண்டு கழித்து ஊர் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யும் ஐந்து குறும்படங்கள் சேர்ந்தது. அதில் ஒன்றில், தடை செய்த சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு கடைகளைச் சோதிக்க வருகிறவர்கள் சீருடை அணிந்த சிறுவர்கள். கடைக்காரரின் சொந்த மகனும் அந்தப் படையில் இருக்கிறான். பெற்ற பிள்ளை முன்னால் அளந்து பேச வேண்டிய ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்!

இப்படிப் படமெடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மிரட்டுகிறவனுக்கு வசனம் எழுதுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அவனை எல்லோருக்கும் தெரியும். பையில் அடையாள அட்டையைத் துழாவும் கை, பக்கத்து இருக்கைக்காரர் பார்வையைத் திருப்பும் விதம், இதற்கெல்லாம் நேரம் கொடுங்கள். அப்புறம், கடைசியில் வயலினைப் போட்டு எங்களை அழவைக்க வேண்டாம்.