பெஞ்சமின் பட்டன் வீட்டைவிட்டுப் போனது தியாகமா?

டேவிட் ஃபிஞ்சர் எடுத்த 'தி க்யூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்' படத்தைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி "என்னா காதல்டா" என்று உருகும். இன்னொரு கட்சி "இரண்டே முக்கால் மணி நேரமா, ஆளை விடு" என்று கும்பிடு போடும். நான் இரண்டிலும் சேரமாட்டேன். அதன் நீளத்தோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அந்தக் காதலோடுதான்.

பார்க்காதவர்களுக்காக: கிழவனாகப் பிறந்து, வருடம் ஏற ஏற இளைஞனாகி, கைக்குழந்தையாகச் செத்துப்போகும் ஒருவனின் கதை. 2008 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியானது. 166 நிமிடம். பெஞ்சமினாக பிராட் பிட், அவன் காதலி டெய்சியாக கேட் பிளான்செட். மூலக்கதை எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது. 1922இல் காலியர்ஸ் பத்திரிகையில் வந்த சிறுகதை. பதினொரு குட்டி அத்தியாயங்கள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படத்தைப் பார்த்து அழுதவர்கள் அந்தக் கதையைப் படித்தால் சிரிப்பார்கள். நாயகனின் பெயரும் தலைகீழ் வயதும் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கதை நடப்பது பால்டிமோரில். 1860ஆம் வருடம். இரும்புச் சாமான் மொத்த வியாபாரி ரோஜர் பட்டன், பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நர்ஸ் முறைக்கிறாள். உள்ளே போனால் தொட்டிலில் தாடி வைத்த எழுபது வயதுக் கிழவர், காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வந்தவரைப் பார்த்து, நீதான் என் அப்பாவா என்று விசாரிக்கிறார். எப்படி இது நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஊர் என்ன சொல்லும், வியாபாரம் என்ன ஆகும், இவனை எப்படி வீதிவழியே கூட்டிப்போவது, இவைதான் அப்பாவின் கவலை. கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்து ஆட்டச் சொல்கிறார். பிள்ளையோ அப்பா இல்லாத நேரம் பார்த்து அவருடைய சுருட்டை எடுத்து ஊதுகிறது, பொழுது போகாமல் கலைக்களஞ்சியம் படிக்கிறது. பதினெட்டு வயதில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். அன்று பார்த்துத் தலைச்சாயப் புட்டி காலி. ஐம்பது வயதுக்காரன் முதல் வருட மாணவனாம் என்று பைத்தியக்காரப் பட்டம் கட்டி விரட்டிவிடுகிறார்கள்.

ஆக, மனிதன் வயதுக்கேற்றபடி நடந்தால்தான் ஊர் அவனை ஒப்புக்கொள்ளும் என்பதை வைத்து ஃபிட்ஸ்ஜெரால்ட் அடித்த கிண்டல் அது. கல்யாணமும் அந்தக் கிண்டலுக்குள்தான் வருகிறது. ஹில்டகார்டுக்கு ஐம்பது வயது ஆண்களைத்தான் பிடிக்கும், பெஞ்சமின் அப்போது அப்படித்தான் தெரிகிறான், கல்யாணம் முடிகிறது. அவனுக்கு இளமை திரும்பத் திரும்ப, அவளுக்கு நரை விழ விழ, அவனுக்குச் சலித்துப்போகிறது. 1898இல் ஸ்பெயினோடு போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து கிளம்பிவிடுகிறான். பதக்கத்தோடு திரும்பி வந்து மனைவியின் தலையைப் பார்த்ததும் மனசு சோர்ந்துபோகிறது. அவளுக்கோ எரிச்சல்: வேண்டுமென்றே இப்படிப் பண்ணுகிறாய், ரோஷம் இருந்தால் இதை நிறுத்து என்கிறாள். பெண்டாட்டி புருஷனைப் பார்த்து "எதற்கு இப்படி இளமையாகிக்கொண்டே போகிறாய்" என்று சண்டை போடுவதை வேறு எங்கே படிக்க முடியும்? கடைசியில் அவள் இத்தாலிக்குப் போய்விடுகிறாள். பெற்ற மகனோ, ஆட்கள் வரும்போது என்னை 'அங்கிள்' என்று கூப்பிடு என்று அப்பாவுக்கு உத்தரவு போடுகிறான்.

வாழ்க்கையின் நல்ல பகுதி முதலில் வந்துவிடுகிறது, மோசமான பகுதி கடைசியில் வருகிறது, இது பரிதாபம் என்று மார்க் ட்வெயின் சொன்னதிலிருந்து கிளம்பிய கதை இது என்று ஃபிட்ஸ்ஜெரால்டே எழுதியிருக்கிறார். சரி, திருப்பிப் போட்டுப் பார்ப்போமே என்று போட்டிருக்கிறார். அப்படியும் அதே கதிதான்.

இந்தக் கசப்பில் ஒரு துளியும் படத்துக்குள் வரக்கூடாது என்று திரைக்கதையாசிரியர் எரிக் ராத் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. 'ஃபாரஸ்ட் கம்ப்' எழுதியவர் அவர். அமெரிக்கத் தெற்கு, நடக்க முடியாத பையன் நடப்பது, படகு, குடிகார கேப்டன், சின்ன வயசிலிருந்தே ஒரே பெண், அங்கே பறந்த இறகுக்குப் பதில் இங்கே தேன்சிட்டு. விட்ட குறை தொட்ட குறை எல்லாம் இதில் இருக்கிறது. பால்டிமோரை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றி, 1918இல் முதல் உலகப் போர் முடிந்த இரவில் பெஞ்சமினைப் பிறக்கவைத்து, 2005இல் கத்ரீனா புயல் நெருங்கும்போது ஆஸ்பத்திரியில் கிடக்கும் கிழவி டெய்சியின் காதில் அவன் டைரி படிக்கப்படுவதாகக் கட்டியிருக்கிறார். இதை எழுதிய காலத்தில் ராத் தன் பெற்றோரை இழந்தார்; ஃபிஞ்சரும் தன் அப்பாவின் சாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். படம் முழுக்க யாராவது ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் சத்தமில்லாமல். பெஞ்சமின் வளர்வதே முதியோர் இல்லத்தில். ஒரு நாள் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், அடுத்த நாள் அதில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். கதையின் கிண்டலை விட்டுவிட்டு இந்தத் துக்கத்தை எடுத்துக்கொண்டதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிறுகதையை அப்படியே எடுத்திருந்தால் நாற்பது நிமிடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்போம்.

தொழில்நுட்பம் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் முதல் ஐம்பது நிமிடத்துக்கு நாம் பார்க்கும் பெஞ்சமின் தலை முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. உடம்பு வேறு குள்ளமான நடிகர்களுடையது. முகபாவம் பிராட் பிட் பிறகு தனியாக உட்கார்ந்து நடித்துக் கொடுத்தது. பதின்மூன்று ஆஸ்கர் பரிந்துரை கிடைத்து, வென்றது மூன்று: கலை இயக்கம், ஒப்பனை, விஷுவல் எஃபெக்ட்ஸ். மூன்றுமே தோற்றத்துக்கு! சிறந்த படம், இயக்கம் உட்பட எட்டு விருதுகளை 'ஸ்லம்டாக் மில்லியனர்' கொண்டுபோனது. இசைக்கான பரிந்துரையில் இந்தப் படத்துக்கு இசையமைத்த அலெக்ஸாண்டர் டெஸ்ப்ளாவும் இருந்தார். விருது யாருக்குப் போனது, மேடையில் அவர் தமிழில் என்ன சொன்னார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த ராத்திரியின் சந்தோஷத்தில் டெஸ்ப்ளாவின் இசையை நம் ஊரில் யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பது என் சின்ன வருத்தம். கேட்டுப் பாருங்கள்.

இப்போது காதலுக்கு வருகிறேன். படத்தில் உண்மையான காதல் ஒன்று இருக்கிறது, ஆனால் அது டெய்சியோடு இல்லை. ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் ஒரு ஹோட்டல். தூக்கம் வராத இரண்டு பேர். டில்டா ஸ்விண்டன் நடித்த எலிசபெத், ஓர் ஆங்கில அதிகாரியின் மனைவி. பெஞ்சமினுக்கு உடம்பில் அறுபது தாண்டிய தோற்றம், நிஜத்தில் இருபத்துச் சொச்சம். நடுராத்திரியில் சமையலறைப் பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், கேவியர் தின்கிறார்கள், பேசுகிறார்கள். பத்தொன்பது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய்ப் பாதியில் விட்டதைச் சொல்கிறாள். விடிவதற்குள் அவரவர் அறைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் சீட்டு ஒன்றை எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். சத்தியம் இல்லை, சாசுவதம் இல்லை. வருடங்கள் கழித்து, அறுபத்தெட்டு வயதில் அவள் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியை டிவியில் அவன் பார்க்கும்போது நமக்கும் உள்ளே என்னவோ செய்கிறது.

டெய்சி விஷயம் அப்படி இல்லை. இவர்கள் ஒருவருக்காக ஒருவர் பிறந்தவர்கள் என்று படம் நம்மிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று காட்டுவதில்லை. இரண்டு பேரும் அழகாக இருக்கிறார்கள், 1962இல் வயதும் ஒத்துவருகிறது, சேர்கிறார்கள். நல்லது. குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் பெஞ்சமின் சொத்தையெல்லாம் விற்றுப் பணத்தைத் தாய்க்கும் மகளுக்கும் வைத்துவிட்டு விடியற்காலையில் போய்விடுகிறான். குழந்தைக்குத் தேவை அப்பா, விளையாட்டுத் தோழன் இல்லை. டெய்சியால் இரண்டு குழந்தைகளை வளர்க்க முடியாது. அவன் சொல்லும் நியாயம் இது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1918இல் பிறந்தவன், 2003இல் சாகிறான். ஆக மொத்தம் எண்பத்துச் சொச்சம் வருடம். வீட்டைவிட்டுப் போகும்போது வயது ஐம்பது, அப்படியென்றால் உடம்புக்கு முப்பத்தைந்துக்குப் பக்கம். மகளுக்குப் பத்து வயதாகும்போது அவன் இருபத்தைந்து வயதுக் காளையாக இருப்பான். பதினைந்து ஆகும்போதும் இருபது. முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடலாம், சைக்கிள் பழக்கலாம், கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பதினைந்து வருடம் முழுசாக அப்பாவாக இருக்க உடம்பு இடம் கொடுக்கிறது. இவன் என்ன செய்கிறான்? மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான். இந்தியாவுக்கும் வருகிறான் (வராமல் இருப்பார்களா!). மகளுக்குப் போஸ்ட்கார்டு எழுதுகிறான்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பெஞ்சமின் சலிப்பு வந்ததும் போருக்குப் போனான். அதற்குப் பூச்சு எதுவும் பூசவில்லை, கதையும் பூசவில்லை. இங்கே அதே ஆள் அதே வேலையைச் செய்கிறான். பின்னணியில் வயலின் வாசிக்கிறார்கள், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். எரிக் ராத் வாசலோடு துரத்திய கசப்பு கொல்லைப்புறமாக வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. படத்துக்குத்தான் அது தெரியவில்லை.

கடைசிக் கால் மணி நேரம் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் படத்தை நான் மறுபடி பார்த்திருக்கவே மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பாழடைந்த கட்டடத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அவன் கையில் இருக்கும் டைரியில் டெய்சியின் பெயர். அவள் போய்ப் பார்க்கிறாள். பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அவளை அடையாளம் தெரியவில்லை. புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல் அவள் தன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்கிறாள். அப்புறம் அவன் வளர்ந்த அந்த முதியோர் இல்லத்திலேயே வந்து தங்கிவிடுகிறாள். அவன் கூரைமேல் ஏறி நின்று இறங்க மறுக்கிறான், கோபப்படுகிறான், சுற்றியிருப்பவர்களைச் சந்தேகப்படுகிறான். மறதி நோய் வந்த பெரியவர் யாரையாவது வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு பிரேம்கூடக் கற்பனையாகத் தோன்றாது. சாப்பிட்டு இலை எடுத்த ஐந்தாவது நிமிடம் "எனக்கு இன்னும் சோறு போடவில்லை" என்று கேட்ட குரல் எத்தனை வீடுகளில் இருந்திருக்கிறது.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பிறந்த பெஞ்சமினைப் படிக்கட்டில் போட்டுவிட்டுப் போன அப்பா ஒருவர். எடுத்து வளர்த்தது க்வீனி என்ற கறுப்பினப் பெண். பாரம் ஆகிவிடக்கூடாது என்று ஓடிப்போனான் மகன். கடைசியில் மடியில் வைத்துத் தாலாட்டியது டெய்சி, தன் எழுபத்துச் சொச்சம் வயதில். இரண்டு குழந்தைகளை வளர்க்க முடியாது என்று அவளுக்காக அவனே முடிவு செய்தானே, அவள் இரண்டையும் வளர்த்துவிட்டாள், தனித்தனியாக. க்வீனியாக நடித்த தராஜி பி. ஹென்சனுக்குத் துணை நடிகை பரிந்துரையோடு நிறுத்திவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

நீளம் என்று புலம்புகிறவர்களுக்கு என் யோசனை: ஆஸ்பத்திரிக் காட்சிகளில் பாதியை வெட்டலாம், தேன்சிட்டு இரண்டு தடவையும் வேண்டாம், பாரிஸில் டெய்சிமேல் டாக்ஸி வந்து மோதுவதற்கு முன் "அவள் தோழியின் ஷூ லேஸ் அறுந்திராவிட்டால், டாக்ஸிக்காரன் காபி குடிக்கப் போயிராவிட்டால்" என்று போகும் அந்த நீட்டி முழக்கலையும் தாராளமாகத் தூக்கலாம். மூர்மான்ஸ்க் ஹோட்டலிலும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்திலும் கை வைத்தால் மட்டும் நான் சண்டைக்கு வருவேன்.