பொலிஸ் வழக்கு முடியும்வரை காத்திருக்காதீர்கள்

“நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும், சாரதி குற்றவாளி என்றால் காப்புறுதிப் பணம் தானாக வரும்” என்று வீதி விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பங்கள் உரிமையை இழக்கின்றனவோ!

பொலிஸ் தொடுப்பது குற்றவியல் வழக்கு. சாரதி கட்டும் தண்டப்பணம் அரசுக்குப் போகிறது. காயத்துக்கோ உயிரிழப்புக்கோ உரிய முழு நட்டஈட்டை, மோதிய வாகனத்தின் காப்புறுதி நிறுவனம் பேசித் தீர்க்க மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகக் குடியியல் வழக்குப் போட வேண்டும். அதற்கான காலம் விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான். பொலிஸ் வழக்கு தவணைமேல் தவணையாக இழுபடுகிறது என்பதற்காக அந்தக் காலம் நின்றுவிடாது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: வழக்குத் தொடருமுன் அல்லது தொடர்ந்த 7 நாட்களுக்குள் அந்த வழக்குப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், வென்ற தொகையை நிறுவனத்திடம் கேட்க முடியாமல் போகலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி (வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்புறுதி) கட்டாயம் என்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதே அடிபட்டவரைக் காக்கத்தான்.

அடிபட்டவர் தலைக்கவசம் அணியாததால் ஒன்றும் கிடைக்காது என்பதும் சரியல்ல. பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவனயீனம் பற்றிய 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் தவறின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையலாம், அவ்வளவுதான். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு இப்போதே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.