விண்ணப்பத்துக்கு முன் தேவைப்படும் காகிதங்கள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், தொண்டு அமைப்புகளுக்கு நிதி தர நிறுவனங்கள் தயாராக இருக்கின்றன, விண்ணப்பிப்பவர்கள்தான் குறைவு என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை, வடசென்னையின் காசிமேட்டில் மீனவக் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவரும் என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடுமாறு பெரிய நிறுவனங்களைப் பணிப்பதோடு, அவை இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. அருகிலுள்ள மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் புகையைச் சுவாசிக்கும் எங்களுக்கு அந்த வாசகம் சாதாரணமானதல்ல. ஆனால், அந்தப் பணத்தைப் பெற விரும்பும் வெளி அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளும், நிறுவன விவகார அமைச்சகத்திடம் பெறும், 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும், ஒத்த பணியில் 3 ஆண்டு அனுபவமும் வேண்டும் என்பதைக் கட்டுரை ஒற்றை வரியில் கடந்துவிட்டது.

சென்ற ஆண்டு எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம், பான் அட்டையில் 'டிரஸ்ட்' என்றும் வங்கிப் புத்தகத்தில் 'சாரிட்டபிள் டிரஸ்ட்' என்றும் பெயர் இருந்ததுதான். அதைத் திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது. (எழுத்துப்பிழைக்கு எங்களையும் குறை சொல்லலாம், மறுக்கவில்லை.) அரசுப் பள்ளிகளுக்கு இத்தகைய நிதியைத் திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. ஆனால், எங்களைப் போலப் பதிவுக் கட்டணத்துக்கும் தணிக்கையாளருக்கும் கையிலிருந்து செலவழிக்கும் சிறு அமைப்புகளைப் பற்றிக் கட்டுரையாளர் அடுத்து எழுத வேண்டுகிறேன்.