கோத்தகிரியில் டிரோனை எங்கே பறக்கவிடுவது?

கோடை விடுமுறைக்கு அக்கா மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். கல்லூரியில் முதலாண்டு முடித்தவன். வந்து இறங்கியதும் பையிலிருந்து ஒரு சிறிய டிரோனை எடுத்துக் காட்டினான். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. "மாமா, நாளைக்குக் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்ப் பறக்கவிடலாமா?" என்றான். "அங்கே பறக்கவிடலாமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வோம்" என்றேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் தெரிந்துகொண்டதையும், அதனால் வந்த ஆதங்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் எடை. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட டிரோன் விதிகளில் எல்லாமே எடையை வைத்துத்தான். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, பிறகு சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஏறிக்கொண்டே போகிறது. நானோவுக்கு விமானிச் சான்றிதழும் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம். மைக்ரோ என்றால், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவருக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் காப்பீடு உண்டு.

பெட்டியில் 249 கிராம் என்று அச்சிட்டிருந்தது. இருந்தாலும் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய், மிளகும் ஏலக்காயும் நிறுக்கிற மின்தராசில் வைத்துப் பார்த்தோம். 247. பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து, கிளையில் பட்டு விசிறி உடையாமலிருக்கச் சுற்றிலும் மாட்டுகிற பிளாஸ்டிக் வளையங்களையும் மாட்டி வைத்தோம். 281. விதியில் கணக்கு, சுமை உட்பட மொத்த எடைக்கு. யார் மேலாவது விழுந்தால் காயம் குறையட்டும் என்று வளையத்தை மாட்டினால் நானோ மைக்ரோ ஆகிவிடுகிறது. விற்ற கடையில் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம்.

அடுத்து இடம். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் நாடு முழுமைக்குமான வான்வெளி வரைபடம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளியானது. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரை தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றி முன்பு 45 கிலோமீட்டர் வரை இருந்த மஞ்சள் வட்டத்தை 12 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். கோவை விமான நிலையம் நமக்கு வெகு தூரம், அந்தக் கவலை இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் நாங்கள் பார்த்த அன்று பச்சை காட்டியது.

ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்பும் இந்த வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது விதி. நியாயம்தான். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவசரத் தேவைக்கு ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். முதலமைச்சரோ குடியரசுத் தலைவரோ மலைக்கு வரும்போது நேற்றைய பச்சை இன்று சிவப்பாகலாம். ஆனால் நம் தேயிலைச் சரிவுகளில் பாதி இடத்தில் கைபேசிக்குச் சிக்னலே இல்லை. வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டிரோனோடு வருகிற செயலியிலும் ஒரு வரைபடம் இருக்கிறது, அதை நம்பிவிடாதீர்கள். அது தயாரிப்பாளர் வைத்தது. அது தடுக்கவில்லை என்பதால் சட்டம் அனுமதித்துவிட்டதாக ஆகாது.

வான்வெளி பச்சையாக இருந்தால் போதும் என்றுதான் பையன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டிரோனைக் கிளப்புகிற தரை யாருடையது? காடு என்றால் வனத்துறை, பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறை, தேயிலைத் தோட்டம் என்றால் அதன் உரிமையாளர். வானத்தின் நிறம் ஒரு தளத்தில், தரையின் நிபந்தனை நான்கு இடங்களில். ஓர் அலுவலகத்தில் கேட்டோம். "டிரோனா? அதெல்லாம் கூடாது" என்று, எந்த இடம் என்றுகூடக் கேட்காமல் பதில் வந்தது. எந்த விதிப்படி என்று பணிவாகத்தான் கேட்டேன். வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். "எங்களிடம் பட்டியல் எதுவும் இல்லை சார். பிரச்சினை வந்தால்தான் எங்களிடம் வருவார்கள்" என்றார். எனக்கு உறுத்துவது இதுதான். தவறு செய்தவனைப் பிடித்து 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தவறு செய்யாமலிருக்க வழி கேட்டு வருகிறவனுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

இனிக் கோடநாட்டுக்கு வருகிறேன். மலைக்காரர்களாகிய நாம் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை அந்த இடம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. டிரோன் இல்லாமல்தான் போனோம். கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றால் எதிரே ரங்கசாமி சிகரம், கீழே மோயாறு வெள்ளிக் கம்பிபோல் நெளிந்து போகிறது, தொலைவில் தெங்குமரஹாடா கிராமம். "இங்கிருந்து கிளப்பி, 50 மீட்டர் உயரத்திலேயே நேராக முன்னால் விட்டால் போதும் மாமா" என்றான். ரிமோட் திரையில் காட்டுகிற 50 மீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட 50 மீட்டர். வேலியைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே தரை பல நூறு மீட்டர் கீழே போய்விடுகிறது. விதி 120 மீட்டர் என்பதைத் தரையிலிருந்து அளக்கிறது. திரையில் 50 என்று எழுதியிருக்கும்போதே நாம் பச்சை எல்லையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போயிருப்போம். சமவெளியில் இந்தச் சிக்கல் இல்லை. மலை விளிம்பில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் உண்டு.

மேட்டை நோக்கிப் பறக்கவிட்டால் ஆபத்து வேறு விதம். பேட்டரி குறைந்ததும் டிரோன் தானாகத் திரும்பிவரும், நாம் குறித்துவைத்த உயரத்தில், நேர்க்கோட்டில். நடுவில் ஒரு சரிவு மேடேறி நின்றாலோ சில்வர் ஓக் மரங்கள் வரிசை கட்டி நின்றாலோ மோதி விழ வேண்டியதுதான். மேகம் இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது. நம் ஊரில் மேகம் இறங்கப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றும் அங்கே பார்த்தோம். பெரிய பறவை ஒன்று எங்கள் கண்மட்டத்துக்கும் கீழே, சிறகை அசைக்காமல் வட்டமிட்டது. கழுகா, பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறு கழுகா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் மோயாற்றுப் பள்ளத்தாக்கு பாறு கழுகுகள் கூடு கட்டி வாழ்கிற இடம். தென்னிந்தியாவில் அவற்றுக்கு எஞ்சியிருக்கிற மிகச் சில இடங்களில் ஒன்று. டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட ஆடு மாடுகளின் சடலத்தைத் தின்று கூட்டம் கூட்டமாகச் செத்த பறவைகளின் மிச்சம். கூட்டிலிருக்கும் ஒற்றை முட்டையை விட்டுத் தாய் பதறி எழுந்துபோக ஒரு டிரோன் சத்தம் போதாதா? காட்டுக்கு மேல் வேண்டாம் என்கிற தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2021 அக்டோபரில் மசினகுடி பக்கம் ஆட்களைத் தாக்கிய டி23 என்ற புலியைத் தேடியபோது வனத்துறை டிரோன்களைப் பயன்படுத்தியது. அது ஊரார் உயிருக்காகவும் அந்தப் புலியின் உயிருக்காகவும் செய்த வேலை. அதைக் காட்டி நமக்கும் உரிமை கேட்க முடியாது.

ஆனால் காட்டு எல்லையோடு கவலை தீர்ந்துவிடவில்லை. காட்டெருமைகள் இப்போது தேயிலைக்குள்தான் நிற்கின்றன. தோட்டம் காடல்ல, வரைபடத்தில் பச்சையாகவும் இருக்கலாம், உரிமையாளரும் சம்மதிக்கலாம். சரிவின் மேல்பகுதியில் நான்கைந்து காட்டெருமைகள் படுத்திருக்கும், அதே சரிவின் கீழே பெண்கள் முதுகில் பை கட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். தேனீக் கூட்டம்போல் இரைச்சலோடு ஒன்று தலைக்கு மேல் வந்தால் அந்த விலங்கு எந்தப் பக்கம் ஓடும்? இறக்கத்தில்தான். அந்தப் பெண்களுக்குச் செடி வரிசைக்கு நடுவில் ஒதுங்கவும் இடமிருக்காது. இதை எந்த விதியிலும் நான் காணவில்லை. விதியில் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் மேலிருந்து படம் பிடிப்பதும் அப்படித்தான்.

குன்னூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையமும் முப்படை அதிகாரிகளின் கல்லூரியும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கின்றன. சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் பள்ளத்தாக்குகளை ஒட்டித் தாழ்வாக வருகின்றன. 2021 டிசம்பர் 8 அன்று காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோரை இழந்தோம், மொத்தம் 14 உயிர்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்றது விமானப்படையின் விசாரணை. தேர்ந்த விமானிகளையே ஏமாற்றுகிற வானம் இது. அங்கே நம் விளையாட்டுப் பொருளும் குறுக்கே திரிய வேண்டாம்.

இத்தனையும் தெரிந்த பிறகு எனக்குத் தடைகள் மேல் கோபம் இல்லை. தடைகளை யாரும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதில்லை என்பதில்தான் கோபம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர்ச் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. அந்த இ-பாஸ் இணையப் பக்கத்திலேயே, இந்த மாவட்டத்தில் டிரோனை எங்கெங்கே எடுக்கக் கூடாது, யாரிடம் கேட்க வேண்டும் என்று பத்து வரி தமிழில் போடலாம். காட்சிமுனைகளில் ஒரு பலகை வைக்கலாம். கூடவே, ஊருக்கு ஒரு மைதானத்தை இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன உயரம் வரை என்று பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். இவன் வயதுப் பிள்ளைகள் நாளைக்கு வயலுக்கு மருந்தடிக்கவும் நிலச்சரிவில் சிக்கியவர்களைத் தேடவும் இதே கருவியைத்தான் இயக்கப்போகிறார்கள். மறைந்து நின்று பறக்கவிட்டுப் பழகிய பிள்ளைக்கு ஒழுங்காகப் பறக்கவிட எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வீட்டிலேயே வரைபடத்தைப் பார்த்துவிட்டு, காலை ஏழரைக்கு மேகம் ஏறுவதற்கு முன் பள்ளி மைதானத்தில் கிளப்பினோம். வளையம் இல்லாமல், 30 மீட்டர் உயரம், மைதானச் சுவருக்குள்ளேயே. திரையில் எங்கள் பள்ளியின் ஓட்டுக்கூரை தெரிந்தது. அதன் ஒரு மூலையில் நான்கு ஓடுகள் சரிந்து கிடந்தன. கீழிருந்து பார்த்தால் தெரியாது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மேலே சொன்ன மூன்று கோரிக்கைகளையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்ப் பக்கத்து நண்பர்கள் கையெழுத்திட விரும்பினால் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் எந்த மைதானம் பொருத்தமாக இருக்கும் என்பதையும் எழுதுங்கள், மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.