அவன் பைக்கில் சாகவில்லை

செத்துப்போன எங்கள் நண்பன் படத்துக்குக் கீழே முந்தாநாள் கமென்ட்டில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் பேர் சொல்லப்போவதில்லை. "இந்த வயசுல கோவாவுக்கு பைக்ல போனா வேறென்ன ஆகும்" என்று எழுதி, பக்கத்திலேயே கும்பிடும் கை இரண்டு. அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை.

அவன் பைக்கில் சாகவில்லை. கோவா பைக் ராலி முடிந்து திரும்பிப் பதினோராம் நாள், வீட்டில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஈசிசேரில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வண்டி கவர் போட்டு வாசலில் நின்றது. ஈசிசேரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புள்ளிவிவரத்தோடு வருவீர்கள், தெரியும். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர்; நூற்றுக்கு நாற்பத்துநாலுக்கும் மேல் டூவீலர்க்காரர்கள். அத்தனை பேரும் ராலிக்கா போனார்கள்? பால் பாக்கெட் வாங்கப் போனவனும் அதில்தான் இருக்கிறான். நாங்கள் எண்பதைத் தாண்டியதில்லை. சரி, கார்வார் பக்கம் ஒருமுறை தாண்டினோம்.

கோவா வாகத்தோரில் வருஷாவருஷம் நடக்கும் ராயல் என்ஃபீல்டு பைக் திருவிழாவுக்கு, ரைடர் மேனியா என்று பேர் இருந்த காலத்திலிருந்து போகிறோம், இப்போது மோட்டோவெர்ஸாம். காலை ஆறு மணிக்குப் பண்ணாரி செக்போஸ்ட் திறப்பதற்குள், மூன்று வண்டிக்கும் அவன்தான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பான். சாமி கும்பிடாதவன். கேட்டால், "உங்களுக்காகத்தான்டா" என்பான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் கடைசியாகத்தான் வருவான். முன்னால் போகிறவன் விழுந்தால் தூக்கிவிட ஒருத்தன் பின்னால் வேண்டுமாம். அவனைப் போய்ப் பொறுப்பில்லாதவன் என்கிறீர்கள்.

"குடும்பஸ்தனுக்கு இது தேவையா?" அதை அவன் வீட்டில் கேட்டீர்களா? பதினாறாம் நாள் அவன் சம்சாரம், அந்தத் தங்கச்சி, என்னிடம் சொன்னது இதுதான்: "போயிட்டு வந்தாருன்னா பத்து நாளைக்கு வீடு கலகலன்னு இருக்குமுங்ண்ணா." இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

போகும்போது ஹொன்னாவரில், சராவதி பாலம் தாண்டி ஒரு டீக்கடை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு வலிக்குதுடா மாப்ள" என்றான். "கேஸா இருக்கும், சோடா குடி" என்றேன் நான், பெரிய டாக்டர் மாதிரி. குடித்துவிட்டுச் சத்தமாக ஏப்பம் விட்டான். சிரித்தோம். ஸ்பேர் கிளட்ச் கேபிள், பஞ்சர் கிட், செயின் ஸ்பிரே எல்லாம் பையில் இருந்தது. நாலு நாள் கோவாவிலும், திரும்பி வந்து பதினோரு நாள் கோவையிலும், ஒரு ஈசிஜி எடுத்துப் பார்ப்போமே என்று மட்டும் தோன்றவில்லை, எனக்கும் இன்னொருத்தனுக்கும்.

ஆகவே திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். பைக்கை விட்டுவிடுங்கள். உங்களையும் ஒன்று கேட்கலாமா, கமென்ட் போட்டவரே? கடைசியாக எப்போது அவனுக்கு போன் செய்தீர்கள்? நானாவது சோடா வாங்கிக் கொடுத்தேன்.

டிரிப் கணக்கு எப்போதும் அவன் பொறுப்பு. அந்தச் சின்ன டைரியைத் தங்கச்சி நேற்றுக் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் தலைக்கு மூன்றாகப் பிரித்துப் போட்டிருக்கிறான். ஹொன்னாவர் பக்கத்தில் டீ மூன்று என்று இருக்கிறது. அதற்குக் கீழே தனியாக, தன் பேரில் மட்டும்: சோடா 1, ரூ. 20.